தொட்டியின் அடியில் வாழும் மீன்கள்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போருட் பலர், அடித்தரையில் உலவும் மீன்களைத் துப்புரவுப் பணியாளரெனக் கருதி, மேலே நீந்துவன உண்டு கழித்த மிச்சிலே அவற்றிற்குப் போதுமென்பர். இக்கூற்றை யாம் மறுக்கின்றோம்.

தென்னமெரிக்க ஆறுகளுக்குரிய கோரிடோராஸ் என்னுஞ் சிறு கெளுத்தியை நோக்குமின். அது தன் மீசையால் மணலைத் துழாவிப் புழுவும் பூச்சியின் இளவுயிரும் தேர்ந்துண்ணும் இயல்பினது. அழுக்கு அதற்கு உணவன்று. அழுக்குப் படிந்த தரையில் அம்மீசையே அழுகித் தேயும். கூரிய கற்களும் தீங்கு செய்வனவாதலின் நுண்மணலே நன்று. மேசையினின்று விழுந் துணிக்கைகளைக் கானானியப் பெண்ணொருத்தி கூறியது அவளது தாழ்மை. அதனை மீனுக்கு விதியாக்குதல் நமக்குத் தகவன்று!

மிதக்கும் உணவை மேல்மீன்கள் நொடியிற் கவர்ந்துவிடும். ஆகவே, நீரில் அமிழும் உணவுவில்லைகளை, விளக்கணைத்து அவை அடங்கியபின் இடல்வேண்டும். எஞ்சியதைச் சில மணி நேரத்துள் அகற்றுக. வாரந்தோறும் நீரிற் காற்பங்கை மாற்றுக. குழாய்நீராயின் குளோரினை நீக்கியே விடுக. இக்கெளுத்தி கூட்டமாய் வாழ்வது. ஆறேனும் ஒருங்கு வளர்த்தல் முறை. இடையிடையே மேலெழுந்து காற்றை விழுங்குதல் அதற்கு இயல்பே. ஓயாது எழுமாயின் நீர் கெட்டதோவென ஐயுறல் வேண்டும்.

‘டேங்க் கிளீனர்’ எனக் கடைகளில் விற்கும் உறிஞ்சுவாய்க் கெளுத்தியோ ஓரடிக்கு மேல் வளர்வது. விரலளவில் அதனை வாங்கினோர், தொட்டி கொள்ளாமையின் ஏரி குளங்களில் விட்டனர். இன்று அது தமிழ்நாட்டு நீர்நிலைகளிற் பெருகி, நாட்டுமீன்களின் உணவையும் இடத்தையும் கவர்ந்து, மீனவர் வலைகளையுங் கிழிக்கின்றது.