குசினியில் விஞ்ஞானம்: தயிருக்குள் ஒரு காவற்படை

சகோதரிகளே, வெள்ளவத்தை வெக்கையில் இரவு உறைமோர் விட்ட பால் விடியுமுன் தயிராகிவிடும். அதே வெக்கையில் சும்மா வைத்த பால் கெட்டுப்போகும். இரண்டும் பற்றீரியாக்களின் வேலைதான். எது முந்துகிறதோ அதுவே வெல்லும்.

பாலைப் புளிக்க வைக்கும் லக்டோகொக்கஸ் லக்டிஸ் என்ற பற்றீரியாவின் சில வகைகள், அமிலத்தோடு நைசின் என்ற சிறு புரதத்தையும் சுரக்கின்றன. அது வேறு பல பற்றீரியாக்களின் மென்சவ்வைத் துளைத்துக் கொல்லும். இதன் செயல் 1928இல் கவனிக்கப்பட்டது. 1947இல் இங்கிலாந்தில் பெயர் கிடைத்தது. சில சீஸ் பெட்டிகளில் 'ஈ 234' என்று அச்சிட்டிருப்பது இதையே.

இதில் ஒரு விந்தை. நைசின் ஆயுதம் மட்டுமல்ல, செய்தியும் அதுவே. பற்றீரியா சிலவாக இருக்கும்போது மிகச் சிறிதளவே சுரக்கும். தொகை பெருகப் பெருக, வெளியே நைசினும் சேரும். மென்சவ்விலுள்ள உணரி அதை அறிந்ததும், எல்லாமே சேர்ந்து உற்பத்தியைக் கூட்டும். ஊர் கூடித் தேர் இழுப்பது போலத்தான். 1995இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள்.

இதை நம்பி அசட்டையாக இருந்துவிடாதீர்கள். சல்மொனெல்லா போன்ற வயிற்றோட்டக் கிருமிகளை நைசின் தனியே வெல்லாது. வீட்டுத் தயிரில் அதைச் சுரக்கும் வகை இருக்குமென்ற நிச்சயமும் இல்லை. சிறு பிள்ளைகளும் வயோதிபர்களும் உள்ள வீட்டில் கூடிய கவனம் வேண்டும். பாலை நன்றாகக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆற்றி, புதிய உறைமோரைச் சுத்தமான கரண்டியால் விடுங்கள். உறைந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நல்ல பற்றீரியா முந்திப் பெருக வழிவிடுவது நம் கையில்தான் இருக்கிறது.