பழைய சட்டைக்கு வந்த புதுச் சட்டம்

அண்ணன் கழற்றிய சட்டையைத் தம்பி அணிவதும், அக்காள் ஆடிய பொம்மையைத் தங்கை ஆடுவதும் ஏழை வீட்டு வழக்கம். டாலர் புரளும் அமெரிக்காவிலும் உழைப்பவன் வீட்டில் இதே கதைதான். பழம்பொருள் கடைக்குப் போய், சில்லறைக் காசுக்குப் பிள்ளையின் சட்டையும் செருப்பும் வாங்கி வருகிறாள் தாய். அந்தத் தாயின் தலையில் ஒரு சட்டம் எப்படி விழுந்தது என்பதைத் தோழர்கள் அறிய வேண்டும்.

2006இல் மின்னியாபோலிஸ் நகரில் 4 வயதுச் சிறுவன் ஒருவன், காலணியோடு இலவசமாக வந்த கைச்சங்கிலியின் தொங்கட்டானை விழுங்கி, ஈய நஞ்சால் மாண்டான். 2007இல் மேட்டல் கம்பெனி, ஈயம் கலந்த பெயின்ட் பூசிய பொம்மைகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. நாடே கொதித்தது. 2008 ஆகஸ்டு 14 அன்று புதிய பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான பொருளில், பத்து லட்சத்தில் 600 பங்குக்கு மேல் ஈயம் இருந்தால் 2009 பிப்ரவரி 10 முதல் விற்கக் கூடாது என்றது சட்டம். அந்த அளவு பின்னர் 300 ஆகி, 2011இல் 100 ஆகக் குறைந்தது.

சட்டத்தின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. வரவேற்கிறோம்! பிஞ்சுக் குழந்தையின் மூளையைத் தின்னும் நஞ்சுக்கு வக்காலத்து வாங்க நமக்கென்ன பைத்தியமா?

ஆனால் கேட்கிறோம்: நஞ்சைக் கலந்தது யார்? சுமையைச் சுமந்தது யார்?

புதிதாகச் செய்யும் பொருளுக்கு மட்டுமல்ல, கடையில் ஏற்கெனவே கிடந்த பொருளுக்கும் தடை பொருந்தியது. பழம்பொருள் வியாபாரி சோதனை நடத்தத் தேவையில்லை என்று 2009 ஜனவரியில் ஆணையம் விளக்கம் தந்தது. ஆனால் வரம்பு மீறிய பொருளை விற்றால் குற்றம் என்பது மட்டும் மாறவில்லை. சோதிக்கவும் வேண்டாம், தவறவும் கூடாது என்றால் அவன் எதைக் கண்டு தெளிவான்? சட்டையின் பொத்தானிலும் இழுப்பானிலும் ஈயம் எத்தனை பங்கு என்பது கண்ணுக்குத் தெரியுமா? ஒரு மீறலுக்கு 1 லட்சம் டாலர் வரை அபராதம் என்று எழுதி வைத்தால் ஏழைக் கடைக்காரன் என்ன செய்வான்? பல கடைகள் குழந்தைச் சாமான்களை அலமாரியிலிருந்தே அகற்றிவிட்டன. 1985க்குப் பின் அச்சான சிறுவர் நூல்களை விற்கலாம் என்ற உறுதி கிடைத்தது. அதற்கு முந்தைய நூல்களுக்கு அதுவும் இல்லை.

பெரிய இடத்துச் சங்கதி என்ன? 2009இல் மேட்டலும் அதன் துணை நிறுவனமும் 23 லட்சம் டாலர் அபராதம் கட்டின. அதே ஆண்டு, மேட்டலின் சொந்தப் பரிசோதனைக் கூடங்களுக்கே சோதனை நடத்தும் அங்கீகாரமும் கிடைத்தது! பரீட்சை எழுதியவனே விடைத்தாளையும் திருத்தலாமாம்!

மூன்றாண்டு கழித்துத்தான் கண் திறந்தது. 2011 ஆகஸ்டில் வந்த திருத்தம், பழைய பொருள்களைப் பெரும்பாலும் ஈய அளவு வரம்பிலிருந்து விலக்கியது. பிள்ளைகளின் உலோக நகைகளுக்கு விலக்கு இல்லை. குற்றமுள்ள பொருள் என்று தெரிந்தே விற்பவனுக்கும் விலக்கு இல்லை. இதுவே நியாயம். இதை முதல் நாளே செய்திருக்கலாகாதா?

எனவே பழைய பொருளுக்குச் சட்டமே வேண்டாம் என்கிறோமா? இல்லை! பக்கச் சட்டம் இறங்கி ஏறும் தொட்டில்களில் சிக்கி, பத்தாண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சிசுக்கள் மாண்டன. 2011 ஜூன் 28 முதல் அவற்றைப் புதிதாகவும் விற்கலாகாது, பழையதாகவும் விற்கலாகாது என்று தடை வந்தது. அது சரியான தடை. ஏழைக் குழந்தையின் உயிர் மலிவானதல்ல. ஆனால் மாற்றுத் தொட்டில் தரும் பொறுப்பை அந்த விதி யார்மீதும் சுமத்தவில்லை. பணக்காரன் புதிது வாங்கினான். ஏழைத் தாய் எங்கே போவாள்?

நாம் கூறுவது இதுதான்: நஞ்சுப் பொருளைத் தடை செய்க, செய்தவனையே அதைத் திரும்பப் பெற வைக்க, முதலில் வாங்கியவளாயினும் மூன்றாவதாக வாங்கியவளாயினும், கையில் வைத்திருப்பவளுக்கு நல்ல பொருளைக் கொடுக்க வைக்க. லாபம் போன இடத்துக்கே பொறுப்பும் போகட்டும். அப்போதுதான் அது குழந்தையைக் காக்கும் சட்டம். இல்லையேல் ஏழையின் கையிலிருப்பதைப் பறிக்கும் சட்டம்!