பலெர்மோ பெட்டிக்கடை – 17: வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை

மக்களே, ரெண்டு வாரமா கடை லீவு. ஏன்னு கேட்டு மடல் போட்ட ரெண்டு பேருக்கும் (ஆமாம், மொத்தமே ரெண்டு பேர்தான்) நன்றி. தீசிஸ் பிஸின்னு பொய் சொல்லலாம். உண்மை என்னன்னா, அடுத்தவர் சொத்தைத் தொலைச்சுட்டு முழிச்சுக்கிட்டு இருந்தேன்.

ஜூலை 14 ராத்திரி. சாந்தா ரொசாலியா திருவிழா. 1624-ல் கொள்ளைநோய் வந்தப்போ ஊரைக் காப்பாத்தினவள்னு இங்கே நம்பிக்கை. அரண்மனைப் பக்கமிருந்து தேர் கிளம்பி கடற்கரை வரைக்கும் வரும், அப்புறம் வாணவேடிக்கை. நான் கூட்டத்துல நின்னு வாயைப் பிளந்துக்கிட்டு இருக்கும்போது அண்ணையின் போன்.

"தம்பி, உங்கடை பெட்டிக்குள்ளை பல்லி கத்திற மாதிரி ஒரு சத்தம் கேக்குது. ஒருக்கா வந்து பாருங்கோ."

அண்ணையைப் பழைய பதிவுகள்ல பார்த்திருப்பீங்க. பல்லரோ சந்தைக்குப் பக்கத்துல மளிகைக்கடை வச்சிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். என் வெந்தயம், பெருங்காயத்துக்கெல்லாம் ஒரே புகலிடம். அவர் கடைப் பின்னறையில இருக்கும் பழைய கம்ப்யூட்டர்தான் 'உங்கடை பெட்டி'. நான் செஞ்சு கொடுத்த பேக்கப் சர்வர். ஹார்ட் டிஸ்க் பல்லி மாதிரி கத்தினா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும்.

அவருக்கு பேக்கப் ஆசை வந்ததுக்குக் காரணம் இந்த ஊர் மாநகராட்சி. 2022 ஜூன் முதல் வாரத்துல பலெர்மோ மாநகராட்சி மேல சைபர் தாக்குதல். எல்லா சிஸ்டத்தையும் நெட்வொர்க்லேர்ந்து பிடுங்கிப் போட்டாங்க. ஆன்லைன் சேவை எல்லாம் பல நாள் படுத்துடுச்சு. வைஸ் சொசைட்டிங்கிற கும்பல் நாங்கதான் செஞ்சோம்னு சொன்னுச்சு. அண்ணை அதை மறக்கலை. நான் இங்கே படிக்க வந்து பழகினதும், "மாநகரசபைக்கே இந்தக் கதி எண்டால் என்ரை படங்களுக்கு என்ன கதி?"ன்னு கேட்டார். சரி, நம்ம படிச்ச படிப்புக்கு ஒரு வேலைன்னு இறங்கிட்டேன்.

பெட்டியில போட்டது பட்டர்எஃப்எஸ். (வெண்ணெய்க் கோப்பு முறைன்னு மொழிபெயர்த்தா அடிக்க வராதீங்க.) ஆரக்கிளில் இருந்தப்போ கிரிஸ் மேசன் 2007-ல் அறிவிச்சது, 2009-ல் லினக்ஸ் கெர்னல் 2.6.29-ல் சேர்ந்தது. இதுல ரெண்டு சமாச்சாரம் இருக்கு: சப்வால்யூம், ஸ்னாப்ஷாட்.

சப்வால்யூம்ங்கிறது பார்க்க ஃபோல்டர் மாதிரியே இருக்கும். ஆனா உள்ளே தனிக் குடித்தனம். ஒரே வீட்ல அண்ணன் தம்பி இருந்தாலும் தனி அடுப்பு, தனி ரேஷன் கார்டுன்னு இருப்பாங்களே, அப்படி. ஸ்னாப்ஷாட் எடுக்கிறது அந்த ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி. ஒரு நொடியில முடியும். எடுத்த உடனே இடமும் அடைக்காது, பழைய கோப்பும் ஸ்னாப்ஷாட்டும் ஒரே பிளாக்கைத்தான் பகிர்ந்துக்கும். மாத்தம் வந்தாத்தான் புது இடம். (அதனாலதான் ஸ்னாப்ஷாட் இருக்கும்போது பெரிய கோப்பை அழிச்சாலும் டிஸ்க்ல இடம் வராது. "அழிச்சிட்டன், இடம் வரேல்லை"ன்னு அண்ணை என்னை மூணு தடவை கூப்பிட்டிருக்கார்.)

ஏற்பாடு இதுதான். 'வீடு'ன்னு ஒரு சப்வால்யூம். ஞாயித்துக்கிழமை தோறும் ரீட்-ஒன்லி ஸ்னாப்ஷாட். அதை சென்ட், ரிசீவ் கட்டளைகள் மூலமா ரெண்டாவது டிஸ்குக்கு அனுப்பிட்டு, அந்த டிஸ்கை அண்ணை கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோயிடுவார். எட்டு வாரத்துக்கு மேல பழசானதை ஸ்கிரிப்டே அழிச்சிடும். எனக்கு நானே முதுகுல தட்டிக்கிட்டேன்.

அதனால அந்த ராத்திரி தெனாவெட்டா சொன்னேன்: "பயப்படாதீங்கண்ணை, எல்லாம் வீட்டு டிஸ்க்ல பத்திரமா இருக்கு."

டிஸ்க் வந்தது. போட்டோஸ் இருக்கு. கடைக் கணக்கு இருக்கு. பிள்ளைங்க வீடியோ இருக்கு. 'குரல்' ஃபோல்டரை மட்டும் காணோம்.

குரல்னா அப்பாச்சியின் குரல். அண்ணையின் அம்மா. போன வருஷம் தவறிட்டாங்க. அதுக்கு முந்தின குளிர்காலத்துல நான் போனை வச்சு அவங்க பேச்சைப் பதிவு செஞ்சேன், மொத்தம் 41 பதிவு. கப்பல், விமானம், போர், பெல்லெக்ரினோ மலைக்கு வேண்டுதலுக்கு ஏறினது எல்லாம் அதுல இருக்கு. 1981-ல யாழ்ப்பாணம் நூலகம் எரிஞ்ச ராத்திரி பத்தி ஒரு பதிவு முழுக்கப் பேசியிருப்பாங்க. சுமார் 97,000 புத்தகமும் சுவடியும் போன ராத்திரி. ஒரே பிரதியா இருந்தது போனா என்ன ஆகும்னு எனக்குப் பாடம் எடுத்த ஆளோட பேச்சையே நான் ஒரே பிரதியா வச்சிருக்கேன்! போன்ல இடம் பத்தலைன்னு அங்கேயும் அழிச்சாச்சு.

என்ன ஆச்சு? போன மார்ச்சுல அண்ணையின் தங்கச்சி கனடாவிலேர்ந்து பதிவுகளை மட்டும் கேட்டாங்க. தனியா அனுப்ப வசதியா இருக்கும்னு 'வீடு'க்குள்ள இருந்த 'குரல்' ஃபோல்டரைத் தனி சப்வால்யூமா மாத்தினேன். அனுப்பறதைத் தள்ளிப் போட்டேன், மறந்தும் போனேன். பட்டர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் உள்ளே இருக்கும் இன்னொரு சப்வால்யூமுக்குள்ள இறங்காது. அண்ணன் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்தா தம்பி குடும்பம் அதுல வராது இல்லையா? அந்த இடத்துல ஒரு காலி ஃபோல்டரை மட்டும் வச்சிட்டுப் போயிடும். எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. அதன் வேலையை அது சரியாத்தான் செஞ்சிருக்கு. மார்ச்சுக்கு முன்னாடி எடுத்த நல்ல ஸ்னாப்ஷாட்டுகளை, எட்டு வாரம் ஆனதும் என் ஸ்கிரிப்டே அழிச்சிடுச்சு.

அண்ணை கேட்டது ஒரே கேள்விதான். "அம்மாவின்ரை குரல் இருக்குதுதானே தம்பி?"

வெளியே வெடிச்சத்தம். நான் "பாக்குறேண்ணை"ன்னு மட்டும் சொன்னேன்.

அடுத்த பத்து நாள் கதையைச் சுருக்கமா சொல்றேன், யாருக்காவது உதவும். கத்துற டிஸ்கை மறுபடி மறுபடி மவுன்ட் பண்ணிப் பார்க்காதீங்க. புது டிஸ்க் வாங்கி டிடிரெஸ்க்யூ போட்டு அப்படியே நகல் எடுங்க. முக்கியமா, நகல் எடுத்ததும் பழசைக் கழட்டிட்டுத்தான் புதுசை மவுன்ட் பண்ணணும். ரெண்டுக்கும் ஒரே யூயூஐடி இருக்கும். பட்டர்எஃப்எஸ் அதை வச்சுத்தான் டிஸ்கை அடையாளம் காணும், ரெண்டும் சேர்ந்து இருந்தா குழம்பிப் போகும். நகலை ரீட்-ஒன்லியா மவுன்ட் பண்ணினா, ஃபோல்டர் பட்டியல் முழுசா வந்தது. ஒத்தை ஹார்ட் டிஸ்க்ல மெட்டாடேட்டாவை ரெண்டு பிரதியா வைக்கிறதுதான் வழக்கம், அது காப்பாத்துச்சு. கோப்புகள் ஒரே பிரதி. 38 பதிவு சுத்தமா வந்தது. ரெண்டு, நடுநடுவே கரகரப்போட. ஒண்ணு வரவேயில்லை.

இது என்னை மாதிரி கத்துக்குட்டிக்கு மட்டும் நடக்கிறதுன்னு நினைக்காதீங்க. 2017 ஜனவரி 31 அன்னிக்கு கிட்லேப்ல ஒருத்தர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சிட்டார். தினமும் ஓடுறதா நினைச்ச பேக்கப் வெர்ஷன் பொருந்தாம தோத்துக்கிட்டே இருந்திருக்கு, போய்ப் பார்த்தா காலி. தோத்ததைச் சொல்ல வேண்டிய மடல்களும் போய்ச் சேரலை. யாரோ வேற வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்து வச்ச எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு.

இப்போ பெட்டியை மாத்தி அமைச்சுட்டேன். ஒரு சப்வால்யூமுக்குள்ள இன்னொண்ணு கிடையாது, எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடு. ஸ்கிரிப்ட் முதல்ல சப்வால்யூம் லிஸ்ட் எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஸ்னாப்ஷாட் போடும். பிறகு, அனுப்பறதுக்கு முன்னாடி, எடுத்த ஸ்னாப்ஷாட்ல எந்த ஃபோல்டரின் ஐநோட் எண்ணாவது 2-ன்னு இருக்கான்னு தேடும். நிஜ சப்வால்யூமின் தலைவாசலுக்கு எண் 256. ஸ்னாப்ஷாட் விட்டுட்டுப் போன காலி ஃபோல்டருக்கு 2. எல்எஸ் கட்டளைக்கு மைனஸ் ஐ கொடுத்தா நீங்களே பார்க்கலாம். அதோட மாசம் ஒரு தடவை அண்ணையே வீட்டு டிஸ்க்லேர்ந்து ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து கேட்பார். இந்தக் கடைசிதான் உண்மையான வைத்தியம், மத்ததெல்லாம் பத்தியம்.

வராத அந்த ஒண்ணு எதுன்னு கேக்கறீங்களா? அப்பாச்சி ஒடியல் கூழ் காய்ச்சற விதத்தைச் சொன்ன பதிவு. அதைச் சொல்லப் போனப்போ எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. அண்ணை கொஞ்ச நேரம் பேசலை. அரிசி மூட்டையை நகர்த்தி வச்சார். அப்புறம், "காய்ச்சேக்கை நான் பக்கத்திலை நிண்டனான் தம்பி. நண்டு எப்ப போடுறதெண்டு எனக்குத் தெரியும். உங்கடை போனை எடுங்கோ"ன்னார்.

பதினேழு நிமிஷம் பேசினார். நடுவுல ரெண்டு தடவை, "அம்மா இதிலை வேறை என்னமோ சொல்லுவா"ன்னு நிறுத்தினார், ஞாபகம் வரலை. அந்த ரெண்டு இடமும் என் கணக்குதான்.

41-வது கோப்பு அதுதான். மூணு பிரதி இருக்கு, ஒண்ணு கனடாவுக்கும் போயாச்சு. மூணையும் திறந்து கேட்டுட்டேன்.

நீங்களும் இந்தப் பதிவைப் படிச்ச கையோட உங்க பேக்கப்புல ஒரே ஒரு ஃபோல்டரையாவது திறந்து பாருங்க. காலியா இருந்தா பின்னூட்டத்துல வந்து அழுங்க, சேர்ந்து அழலாம்.

டிஸ்கி: அடுத்த ஞாயிறு கடையில ஒடியல் கூழ். பல்லரோவுல நண்டு வாங்குற பொறுப்பு எனக்கு. ருசி பத்தி 18-ல்.