நட்பெண்கள் உணர்த்தும் நெறி

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றும் மரபில் வந்தவர் நாம். எனினும், தமிழ்த்துறை மலர்களில் எண்ணுக்கு இடம் கிடைப்பது அரிது. அக்குறை நீங்க, 17296 என்னும் எண்ணை இங்கு எடுத்துக்கொள்வோம்.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் வகுத்திகள். அவற்றுள் அவ்வெண்ணை மட்டும் நீக்கி, ஏனையவற்றைக் கூட்டினால் அதே எண் வருமாயின் அது நிறைவெண். 6 அத்தகையது, 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 6 அன்றோ? தொகை மிகுந்தால் மிகையெண்; குறைந்தால் குறையெண். 17296 ஒரு மிகையெண். அதன் வகுத்திகளின் தொகை 18416. இனி 18416-இன் வகுத்திகளை அவ்வாறே கூட்டினால் 17296 கிடைக்கிறது! ஒன்றின் மிகை 1120. மற்றதன் குறையும் 1120. இத்தகைய இணையை நட்பெண்கள் என்பர்.

பண்டையோர் அறிந்திருந்த இணை 220, 284 என்பதாகும். இத்தகைய இணைகளைக் காண விதி வகுத்தவர், 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தாபித் இப்னு குர்ரா. இரண்டின் அடுக்குகளைக் கொண்டு ஆக்கப்படும் மூன்று எண்கள் பகா எண்களாக அமைந்தால் நட்பெண் இணை பிறக்கும் என அவர் நிறுவினார். 23, 47, 1151 ஆகிய மூன்றும் பகா எண்கள். 16×23×47=17296; 16×1151=18416. கி.பி. 1300-ஐ ஒட்டிப் பாரசீகத்துக் கமாலுத்தீன் அல்-ஃபாரிசீ இவ்விணையை அறிந்திருந்தார். 1636-இல் பிரான்சு நாட்டு ஃபெர்மா இதனையே கண்டு அறிவித்தார். நெடுங்காலம் நூல்கள் அவர் பெயரையே கூறிவந்தன.

இதனைக் கேட்டவுடன், "எம் முன்னோர் கண்டது" என்று மார்தட்டத் தோன்றும். சற்றே பொறுப்போம். தாபித் முஸ்லிம் அல்லர்; ஹர்ரான் நகரத்துச் சாபியர். கிரேக்கரான நிக்கோமாக்கசின் எண்ணியல் நூலை அரபியில் பெயர்த்தவர். கலீபா அல்-முஃதழிதின் அவையில் இடம்பெற்றவர். பிற சமயத்தவரின் அறிவை மதித்ததும், பிற மொழி நூலைத் தம் மொழிக்குக் கொணர்ந்ததும், அத்துடன் நில்லாது தாமே கணக்கிட்டு மேற்சென்றதுமே அக்காலத்தின் சிறப்பு. நம் விழா மேடைகளில் முன்னோர் பெயர்களை அடுக்குகிறோம். அவர்தம் கணக்கு ஒன்றையேனும் செய்து காட்டுகிறோமா?

1866-இல் 16 வயது இத்தாலிய இளைஞர் நிக்கோலோ பகனினி, 1184, 1210 என்னும் இணையைக் கண்டறிந்தார். மாமேதை ஆய்லரின் பார்வைக்கும் தப்பிய இணை அது! முயற்சிக்கு வயதும் குலமும் தடையல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனவே, சமுதாயப் பெரியோர் பேச்சுக்குப் பரிசளிப்பது போலக் கணக்குக்கும் பரிசளிக்க வேண்டும். ஆசிரியப் பெருமக்கள் இவற்றை நல்ல தமிழில் விளக்க வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் 220-இன் வகுத்திகளைத் தம் கையால் எழுதிக் கூட்டிப் பார்ப்பாராக. 284 என்னும் விடை கிடைக்கும் அந்நொடியில்தான் முன்னோர் அறிவு அவருக்கு உரியதாகும்.