மெய்யற்ற மெய்ப்பாடு

சென்ற மாதம் இராசபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவிலுக்கு நண்பர்களோடு போயிருந்தோம். ஆற்றில் முழங்காலளவு நீர்தான். நீர்காத்த அய்யனாரைக் கும்பிட்டுவிட்டுப் பாறையில் அமர்ந்தபோது பேச்சு எப்படியோ சீட்டாட்டத்தின் பக்கம் திரும்பியது. உடன் வந்தவர்களில் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் தமிழ் படித்தவர். இப்போது மென்பொருள் துறையில் இருக்கிறார். 2025 ஆகஸ்ட் வரை இணையத்தில் பணம் வைத்துப் போக்கர் ஆடியவர்; அதிலும் தோற்றவரல்லர், வென்றவர். "நீங்கள் நடத்திய மெய்ப்பாட்டியல்தான் ஐயா காரணம்" என்றார். நமக்குப் பெருமையாக இருக்கவில்லை.

நகை, அழுகை தொடங்கி வெகுளி, உவகை வரை எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தவர் தொல்காப்பியர். உள்ளத்தில் நிகழ்வது உடம்பின் வழி புறத்தே புலப்படும் என்பதே அவ்வியலின் அடிப்படை. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் போக்கருக்கும் அடிப்படை இதுவே. அமெரிக்க ஆட்டக்காரர் மைக் கேரோ 1984இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். பணம் வைக்கும் கை திடீரென நடுங்கினால் அது அச்சமன்று, பெரும்பாலும் நல்ல சீட்டு வந்த பரபரப்பே என்பது அவர் கண்ட குறிப்புகளுள் ஒன்று. நம் உரையாசிரியர்கள் கேட்டிருந்தால் ஒப்பியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

இணையத்திலோ மெய்யே இல்லை. ஒரு புனைபெயர், ஒரு சிறு படம், அவ்வளவுதான். அங்கே எதைப் படிப்பது? மாணவர் விளக்கினார். எதிராளி பணம் வைக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்று. வைக்கும் தொகையின் அளவு ஒன்று. நூறு ஆட்டங்களில் எத்தனையில் தாமாக இறங்குகிறார் என்னும் கணக்கு ஒன்று. பதினைந்தில் மட்டும் இறங்குபவர் பணம் வைத்தால் ஒதுங்கிவிட வேண்டும். அறுபதில் இறங்குபவரை அஞ்ச வேண்டியதில்லை. முப்பது ஆட்டம் பார்த்து முடிவுகட்டக் கூடாது, சில நூறாவது வேண்டும்.

குறிப்பு எப்படி முடிவாகிறது என்பதையும் மணலில் எழுதிக் காட்டினார். நடுவில் 100 ரூபாய் இருக்கிறது. எதிராளி 50 வைக்கிறார். நாம் 50 கொடுத்தால் 150ஐ வெல்லலாம். நான்கில் ஒருமுறை வென்றாலே கைப்பணம் தேறிவிடும். ஆகவே கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் வெறுங்கையோடு மிரட்டுவது நான்கில் ஒரு முறைக்கு மேலா, கீழா? சீட்டு அதைச் சொல்லாது. ஆளைத் தெரிந்தால்தான் உண்டு.

(ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 2019இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் உருவாக்கிய ப்ளூரிபஸ் என்னும் நிரல், ஆறு பேர் ஆடும் போக்கரில் தொழில்முறை வல்லுநர்களை வென்றது. அது தன்னோடு தானே ஆடிக் கற்றது. எதிராளியின் பழக்கத்தைப் படித்து அதற்கேற்ப மாறவில்லை. ஆளைப் படிப்பது மனிதரின் பலம்தான், ஆனால் இன்றியமையாததன்று போலும்.)

ஆக, இது திறமை. நாம் மறுக்கவில்லை. இருதுபன்னனிடம் சூதின் நுட்பத்தைக் கற்றுத்தானே நளன் நாட்டை மீட்டான்? நீதிமன்றங்களும் இதையே சொல்லி வந்தன. ரம்மி பெரிதும் திறமை சார்ந்தது என்று 1968இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் 2023 நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் நிலைத்தது. ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் அத்தடை செல்லாதென்று ஆயிற்று. இணையத்தில் ஆடுவது நேரில் ஆடுவதினின்று வேறானது என்பதை அரசு நிறுவவில்லை என்றது தீர்ப்பு.

நம் கருத்து வேறு. திறமை என்று நிறுவியதும் குற்றம் நீங்கிவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் திறமை இருப்பதால்தான் இவ்வாட்டம் கொடியது. வெறும் அதிர்ஷ்டமானால் தோல்வி இன்று எனக்கு, நாளை உனக்கு என்று மாறி மாறி வரும். திறமையானால் வலியவனிடம் எளியவன் தொடர்ந்து தோற்பான். சதுரங்கத்திலும் அப்படித்தானே என்று கேட்கலாம். சதுரங்கத்தில் தோற்பவனுக்குத் தான் எளியவன் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். போக்கரில் இடையிடையே வரும் நல்ல சீட்டு அதை மறைக்கிறது. நேற்று வென்றோமே என்று அவன் திரும்பி வருகிறான். இத்தகையவரை அவ்வுலகத்தார் 'மீன்' என்றே அழைப்பார்களாம். சூது அதிகாரத்தின் முதற் குறளிலேயே தூண்டிலும் மீனும் இருப்பதை மாணவருக்கு நினைவூட்டினோம். தெரியும் என்று தலையசைத்தார்.

பிறகு அவரே தம் குறிப்பேட்டின் படம் ஒன்றைக் கைபேசியில் காட்டினார். எதிராளிகளைப் பற்றி எழுதிவைத்தவை. ஒன்று இப்படி இருந்தது: "முதல் தேதிக்கு வருவார். இரவு 12க்கு மேல் எதற்கும் விலகுவதில்லை. இரண்டு ஆட்டம் தோற்றால் தொகையை இரட்டிப்பார். விடிகாலையில் இன்னும் மோசம்."

அப்பழுக்கற்ற குறிப்பறிதல். வள்ளுவர் அத்தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்தார்: ஒன்று அரசவையில் இருப்போர்க்கு, மற்றொன்று காதலர்க்கு. சொல்லாததை அறிந்து உதவுவதற்கான கல்வி அது. இங்கோ தூக்கமும் சம்பளமும் இழந்துகொண்டிருந்த ஒருவரின் நிலையைத் தெளிவாக அறிந்தவர் உலகில் ஒருவரே. அவர் அதைத் தம் வருவாயாக்கிக்கொண்டார். ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கை எடுத்துக்கொண்ட நிறுவனத்திடமும் இதே கணக்கு இருந்திருக்கும்.

நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாதென்ற தமிழ்நாட்டு விதியை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றது. அவ்விதியை எழுதியவர்கள் இக்குறிப்பேட்டைக் கண்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்கள். அடுத்து ஆகஸ்டில், திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாடே இல்லாமல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடாளுமன்றம் தடைசெய்தது. தடையால் சூது ஒழியும் என்று நாம் நம்பவில்லை. ஆயினும் அந்தப் பாகுபாட்டைக் கைவிட்டது சரி என்றே கருதுகிறோம்.

"அவர் பிறகு என்ன ஆனார்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். மாணவருக்குத் தெரியவில்லை. பெயரும் தெரியாது, ஒரு புலிப் படமும் நான்கு எண்களும்தான் தெரியும். இருட்டுவதற்குள் கிளம்புங்கள் என்று வனத்துறைக் காவலர் குரல் கொடுத்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தோம்.