ஸ்காலர்ஷிப் மாணவன் படிக்க மட்டும்தான் வேண்டுமா?

"ஸ்காலர்ஷிப்புல படிக்கிற பையனுக்கு கல்ச்சுரல்ஸ் எதுக்கு? ஒழுங்கா படிச்சமா, வேலைக்குப் போனமான்னு இருக்க வேண்டியதுதானே?"

கல்லூரிகளில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. சொல்பவர் ஆசிரியராக இருக்கலாம், உறவினராக இருக்கலாம், சில சமயம் பக்கத்து பெஞ்ச் நண்பனாகவும் இருக்கலாம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் உதவித்தொகை வாங்குகிறவனுக்குக் கல்லூரி வாழ்க்கையில் பாதிதான் சொந்தம் என்கிற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த நினைப்பு எவ்வளவு தப்பு என்பதற்கு இந்தியாவின் மிகப் பிரபலமான ஸ்காலர்ஷிப் மாணவர் ஒருவரைப் பார்த்தாலே போதும்.

1913-ல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார் அம்பேத்கர். மாதம் பதினொன்றரை பவுண்ட், மூன்று வருடத்துக்கு. அதிலும் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலை. அவருடைய முக்கியப் பாடம் பொருளாதாரம். 29 பொருளாதார வகுப்புகள் எடுத்தார், சரி. கூடவே வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4, போதாதென்று பிரெஞ்சும் ஜெர்மனும் வேறு! "உனக்கெதுக்கு இதெல்லாம்" என்று அங்கேயும் யாராவது கேட்டிருந்தால்? 1916 மே மாதம் கோல்டன்வைசர் என்ற பேராசிரியரின் மானுடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்று அவர் வாசித்த கட்டுரை பிறந்திருக்காது. அவர் எழுதிய பொருளாதார ஆய்வேடுகளை இன்று தேடிப் படிப்பவர்கள் சிலர்தான். அந்தக் கருத்தரங்கக் கட்டுரையை நூறு வருடம் கழித்தும் படிக்கிறார்கள்.

நட்பும் அப்படித்தான். லிவிங்ஸ்டன் விடுதியில் கூடத் தங்கிய நவல் பதேனா என்ற பார்சி மாணவர், பிற்பாடு அம்பேத்கரின் படிப்புக்கே கடன் கொடுத்தவர். விடுதி வாழ்க்கை வெட்டி அரட்டை என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்தது எதிர்காலத் திட்டம். இதுதான் யாரும் அதிகம் பேசாத பகுதி. அந்த உதவித்தொகைக்கு ஒரு ஒப்பந்தம் உண்டு. படிப்பு முடிந்ததும் பத்து வருடம் பரோடா அரசில் வேலை பார்க்க வேண்டும். லண்டனில் படித்துக்கொண்டிருந்தவர், உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-ல் பாதியில் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடாவுக்குப் போனார். வேலை கொடுத்த ஊரில் தங்க இடம் கொடுக்க ஆள் இல்லை. பெயரை மறைத்துத் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்த கூட்டம் விரட்டியது. கொலம்பியாவில் படித்தவர் என்பதெல்லாம் அங்கே செல்லுபடியாகவில்லை.

பிறகு 1918-ல் பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியர் வேலை (காமர்ஸ் மாணவர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்!). அந்தச் சம்பளத்தில் சேமித்தது, பதேனாவிடம் வாங்கியது, கோலாப்பூர் சாகு மகாராஜா உதவியது எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு 1920-ல் மறுபடி லண்டன். 1923-ல் டி.எஸ்சி. பட்டம். அதே வருடம் 'ரூபாயின் பிரச்சினை' நூலும் வெளிவந்தது. உதவித்தொகை நின்ற இடத்தில் படிப்பையும் நிறுத்தியிருந்தால் இது எதுவும் இல்லை.

இன்றைய ஸ்காலர்ஷிப்களில் பெரும்பாலும் இப்படி ஒப்பந்தம் எதுவும் கிடையாது. முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, 2022-ல் வந்த புதுமைப் பெண், 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் என்று வரிசையாக இருக்கின்றன. கடைசி இரண்டிலும் மாதம் ஆயிரம் ரூபாய். நல்ல திட்டங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் எழுதாத ஒப்பந்தம் ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. பி.காம். முடித்த மறுநாள் சம்பளம் வர வேண்டும் என்பதுதான் அது.

பி.காமில் 55 சதவீதம் வாங்கினால் சி.ஏ. இன்டர்மீடியட்டில் நேரடியாகச் சேரலாம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்புறம் ஆடிட்டரிடம் இரண்டு வருடம் ஆர்ட்டிகிள்ஷிப் இருக்கிறதே? அந்த ஸ்டைபண்டில் பஸ்ஸுக்கும் டீக்கும் போக வீட்டு வாடகை கட்ட முடியுமா? ஆகவே வகுப்பில் அக்கவுண்ட்ஸில் முதல் மார்க் வாங்குபவன் கால் சென்டருக்குப் போகிறான். உதவித்தொகை டிகிரியோடு முடிந்துவிடுகிறது. திட்டம் போடவே அதற்கு மேல் காலம் வேண்டும்.

கல்லூரிக்குள்ளேயும் கதை அதேதான். என்.எஸ்.எஸ்.சில் சேர்ந்தால் வருடத்துக்கு 120 மணி நேரம், ஒரு தடவை ஏழு நாள் முகாம். சனி ஞாயிறு கேட்டரிங்கில் பரிமாறப் போகிறவன் அந்த ஏழு நாள் கூலியை எங்கிருந்து எடுப்பான்? பேச்சுப் போட்டிக்குப் பக்கத்து மாவட்டம் போக பஸ் காசு யார் தருவது? கடைசியில் பயோடேட்டாவில் 'இதர செயல்பாடுகள்' என்ற இடம் காலியாக இருக்கும். இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும்.

இன்னொரு விஷயம். வகுப்பு நடுவில் வந்து "ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்திருங்க" என்று பெயர் வாசிக்கிற வழக்கத்தை முதலில் விட வேண்டும். நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியலோ, மொபைலுக்கு ஒரு மெசேஜோ போதும். கட்டணத்துக்குக் கடைசித் தேதி போன பிறகு வங்கிக் கணக்கில் பணம் ஏறுவதும் எத்தனையோ பேர் பார்த்ததுதான். தாமதம் அரசுடையது, அபராதம் மட்டும் மாணவனுடையது என்பது எந்தக் கணக்குப் புத்தகத்தில் சரியாக வரும்?

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-ல் தொடங்கியது. அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்து, தாழ்த்தப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி வற்புறுத்தியவர் அம்பேத்கர். பதினொன்றரை பவுண்டில் மாதத்தை ஓட்டிய அனுபவம் அவருக்கு இருந்தது.