கொட்டகையும் கௌரவமும்

புதிதாக வீடு கட்டுகிற நண்பர்கள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தால், இப்போதெல்லாம் எனக்குச் சந்தோஷத்துக்குப் பதில் எரிச்சல்தான் வருகிறது. பூஜை அறை இருக்கிறது. விருந்தாளி அறை இருக்கிறது. ஆண்டில் நான்கு நாள் வந்து தங்குகிற மாமனாருக்காக அது குளியலறையோடு சேர்ந்து இருநூறு சதுர அடியை விழுங்கிக்கொண்டு நிற்கிறது. வாசலில் இரண்டு தூண், மேலே ஒரு பால்கனி, கீழே வழவழவென்று ஓடு பதித்த ஒரு திறந்த இடம். "இது என்ன?" என்று கேட்டால், "கார் நிறுத்த" என்கிறார்கள். கார் நிறுத்த! லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய இயந்திரத்துக்கு நிற்பது ஒன்றுதான் வேலையா? அதற்கு நோய் வந்தால், வயசானால், எங்கே படுக்கும்?

"அதற்குத்தான் மெக்கானிக் இருக்கிறானே!" என்று பதில் சுடச் சுட வருகிறது. அந்த 'இருக்கிறானே' என்பதில் உள்ள விகுதியைக் கவனியுங்கள். டாக்டர் இருக்கிறார். வக்கீல் இருக்கிறார். ஜோசியர்கூட இருக்கிறார். மெக்கானிக் மட்டும் இருக்கிறான். என் சண்டை முழுவதும் அந்த விகுதியோடுதான்.

என் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு பட்டறைக் கொட்டகை போட்டேன். மேஸ்திரி வந்து கயிறு கட்டி அளந்த அன்றைக்கே விஷயம் குடும்பம் முழுவதும் பரவிவிட்டது. என் அக்காள் டெலிபோனில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "பணமுடை என்றால் என்னிடம் சொல்லியிருக்கக்கூடாதா, தம்பி?" என்று கேட்டாள். நான் கடை திறக்கப் போவதாகவே அவள் முடிவு கட்டிவிட்டாள். அத்தான் இன்னும் ஒரு படி மேலே போனார். "பேனா பிடிக்கிற கைக்கு ஸ்பானர் எதற்கு? நாலு பேர் வந்து போகிற வீடு" என்றார். அந்த நாலு பேர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நம்முடைய ஒவ்வொரு கோழைத்தனத்துக்கும் அந்த நாலு பேர்தான் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஆயுத பூஜை அன்று பாருங்கள். இதே அத்தான் வீட்டில் டிக்கியில் கிடக்கும் ஜாக்கியும் திருப்புளியும் வெளியே வரும். குளிப்பாட்டிச் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, மனையில் வரிசையாக அடுக்கி, பொரியும் கடலையும் படைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். மறுநாள் அவை மறுபடி டிக்கிக்குள் போய்விடும். மிச்சமுள்ள நாட்களில் அதைத் தொடுகிறவன் வாசலோடு நிற்க வேண்டும். தண்ணீர் கேட்டால் தனி டம்ளர். கருவிக்கு ஆராதனை, கருவியைப் பிடிக்கிற கைக்கு அவமானம். இந்த விசித்திரத்தை வேறு எந்த ஊரில் கண்டீர்கள்?

நானும் நேற்றுவரை அந்த ஜாதிதான். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. என்னிடம் என் தகப்பனார் காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று இருக்கிறது. 1960-களில் சென்னையில் தயாராகி ஓடிய கார். அதன் பானெட், முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினைத் தொட்டுப் பார்க்கலாம். வீட்டுக்காரனே பழுது பார்க்கட்டும் என்று கும்பிட்டு அழைப்பது போன்ற அமைப்பு. அந்த அழைப்பை நான் பல வருஷம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மே மாதத்து மத்தியானம் வண்டி வாசலில் நின்றுவிட்டது. பட்டறைக்காரர் ஒரு பையனை அனுப்பினார். வாசலுக்குள் தள்ளி வைத்துப் பார்க்கிறேன் என்றான். புது ஓட்டில் எண்ணெய்க் கறை படுமே என்று, "தெருவிலேயே பார்த்துவிடு" என்று சொன்னது நான்தான். அவன் ஒரு சாக்கை விரித்துக் காருக்கு அடியில் நுழைந்தான். கால்கள் இரண்டும் ரஸ்தாவில் நீட்டிக்கொண்டிருந்தன. நான் வராந்தாவில் காபி டம்ளரோடு நின்றேன். ஒரு தண்ணீர் லாரி வந்தது. தெரு குறுகல். அதன் பின்சக்கரம் அவன் குதிகாலிலிருந்து ஒரு முழத்தில் போயிற்று. அவன் காலைக்கூட மடக்கவில்லை, பழகிப்போயிருந்தது. வெளியே வந்ததும் வயசு கேட்டேன். "பதினெட்டு சார்" என்றான், மனப்பாடமாக. மீசை அரும்பவில்லை. பதினாலு நிரம்பாத குழந்தையை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்று 2016-இல் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். மோட்டார்ப் பட்டறையில் அதற்கு வெகு காலம் முன்பே தடை. சட்டம் புத்தகத்தில் இருந்தது. பையன் என் காருக்கு அடியில் இருந்தான். என் ஓடு சுத்தமாக இருந்தது.

அந்தக் குதிகாலை நினைத்துத்தான் கொட்டகை போட்டேன். எந்திரத்தின்மேல் காதல் பிறகுதான் வந்தது.

இனி, கட்ட நினைக்கிற இரண்டொருவருக்காவது பயன்படட்டும் என்று கொஞ்சம் விவரம் சொல்கிறேன். முதல் பாடம் ஹென்றி ஃபோர்டிடம். 1896-ஆம் வருஷம் ஜூன் மாதம், டெட்ராய்ட் நகரில் வாடகை வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் தம் முதல் மோட்டார் வண்டியைச் செய்து முடித்தார். விடியற்காலையில் வெளியே தள்ளப் பார்த்தால், வண்டி வாசலைவிட அகலம்! கோடரியை எடுத்துச் செங்கல் சுவரை இடித்துத்தான் வெளியே கொண்டுவந்தார். உலகத்தையே சக்கரத்தில் ஏற்றியவர் வாசல்காலை அளக்க மறந்தார். நாமாவது அளப்போம். அம்பாஸடர் அளவுக் காருக்கு நீளம் 14 அடி. முன்னால் வேலை மேஜைக்கு 2 அடி. மேஜைக்கும் காருக்கும் நடுவே குனிந்து நிமிர 3 அடி. பின்னால் ஓர் அடி. ஆக 20 அடி. அகலத்தில் கார் ஐந்தரை அடி என்றால், இரண்டு பக்கமும் கதவைத் திறந்து ஆள் உட்கார்ந்து எழ மூன்று மூன்று அடி, சுவரோரம் அலமாரிக்கு ஓர் அடி. 13 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி அறையையும் அதன் குளியலறையையும் சேர்த்தால் ஏறக்குறைய இந்த இடம்தான்.

தரைக்குக் கஞ்சத்தனம் கூடாது. நன்றாகக் கெட்டித்த மண்ணின்மேல் நாலு அங்குலத்துக்குக் குறையாத கான்கிரீட். மேலே சொரசொரப்பான பூச்சு. வழவழ ஓடு வேண்டவே வேண்டாம். அதில் ஒரு சொட்டு ஆயில் விழுந்தால் ஜாக்கியும் வழுக்கும், நீங்களும் வழுக்குவீர்கள். வாசலை நோக்கிக் கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவு இருந்தால் போதும்.

காருக்கு அடியில் நின்று வேலை பார்க்கப் பள்ளம் வெட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் மேஸ்திரிக்கும் அதில் வெகு ஆசை. நான் ஒப்பவில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தாழ்ந்த இடம் தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளும். பள்ளத்தில் நிற்கிறவனின் முழங்காலைச் சுற்றி அது தேங்கியிருக்கையில் ஒரு பொறி போதும். சென்னையில் இன்னொரு காரணமும் உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எந்தெந்தத் தெருவில் எந்தெந்த உயரத்துக்குத் தண்ணீர் ஏறிற்று என்று நமக்குத் தெரியும். நீங்கள் வெட்டுவது பள்ளமல்ல, கிணறு. கொட்டகைத் தளத்தைத் தெருவைவிட ஓர் அடியாவது உயர்த்துங்கள். அவசரத்தில் காரை ஏற்ற அது உதவும்.

காற்று வழி கீழும் வேண்டும், மேலும் வேண்டும். கீழே பெட்ரோல் ஆவிக்காக. மேலே, பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்போது கிளம்புகிற ஹைட்ரஜனுக்காக, அது கூரையைத் தேடிப் போகும். இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதாயிருந்தால் கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். புகையில் வருகிற கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார். மின்சார இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் சாதனம் இருக்கட்டும். தீயணைக்கும் தூள் உருளையை வாசலருகில் மாட்டுங்கள். தீ உள்ளே இருக்கும்போது உள்மூலையில் மாட்டிய உருளை யாருக்கு? எரிகிற பெட்ரோலில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீரின்மேல் மிதந்து தீ பரவும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. தூக்கியவுடன் இரும்பு ஸ்டாண்டைத் தக்க இடத்தில் கொடுத்து, எதிர்ச்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு தரம் அசைத்துப் பார்த்த பிறகே அடியில் தலையை நீட்ட வேண்டும். செங்கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துகிற வீரர்களை நான் பார்த்திருக்கிறேன். கொட்டகை கட்டின முதல் மாதம் எனக்கே ஜாக்கி சரிந்தது. ஸ்டாண்டு இருந்ததால் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எதிர்வாதங்களுக்கு வருவோம். "நீ செய்துகொண்டால் ஏழை மெக்கானிக்கின் பிழைப்பு என்னாவது?" என்று ஒரு கனவான் உருகினார். தெருவில் படுத்த பையனுக்காக உருகாதவர் இவர். என் வீட்டில் ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது, பிரேக் ஷூ பார்ப்பது என் வேலை. கியர் பாக்ஸைத் திறக்க நான் தைரியசாலி அல்ல. அதற்குப் பெரிய மெக்கானிக் ஒருவர் வருகிறார். நிழலில், விளக்கு வெளிச்சத்தில், வெயில் படாத தரையில் வேலை செய்கிறார். முன்பு அவர் சொன்ன கூலிக்கு நான் பேரம் பேசுவேன். துருப்பிடித்த ஒரே ஒரு போல்ட்டோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு எனக்குப் பேரம் பேச வாய் வரவில்லை.

"இந்தக் காலத்துக் கார் எல்லாம் கம்ப்யூட்டர்" என்பது இன்னொரு வாதம். இதில் உண்மை உண்டு. ஆனால் டயரும் பிரேக்கும் விளக்கும் பாட்டரியும் கம்ப்யூட்டர் அல்ல. மின்சாரக் காரில் ஆரஞ்சு நிறக் கேபிளைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள்; அது நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிற பாதை, பயிற்சி பெற்றவர் விஷயம். மற்றபடி, தெரியாதபடி பூட்டி வைப்பது கம்பெனிகளின் சாமர்த்தியம். அதைக் கேள்வி கேட்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 2012-இல் ஜனங்கள் ஓட்டுப் போட்டே கார் பழுது பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். நம் மத்திய அரசும் 2022-இல் இந்த உரிமையை ஆராய ஒரு குழு அமைத்தது. கையே வைக்காத ஜனங்களுக்கு அந்த உரிமை கிடைத்துத்தான் என்ன செய்வார்கள்?

மூன்றாவது வாதம் என் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. என் பெண் கொட்டகையில் நுழைந்தபோது, "பெண் குழந்தைக்கு எதற்கு இந்தக் கறுப்பு?" என்றார்கள். 1888-இல் பெர்த்தா பென்ஸ் என்கிற அம்மாள், கணவர் செய்த காரை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோ மீட்டர் ஓட்டிப் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். நம்மூரில் அந்த அம்மாளுக்கு முதலில் கிடைத்திருக்கக்கூடியது உபதேசம்தான். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டு, தாமே ஓட்டினார். அவரை மேதை என்று கொண்டாடுகிறோம். அவர் மாதிரிச் சட்டையில் கிரீஸ் பூசிக்கொண்டு நம் பையன் வந்தால் கொல்லைப்புறமாக வரச் சொல்கிறோம்.

அடுக்குமாடியில் குடியிருக்கிறவர்கள் என்ன செய்வது என்று கேட்டு நிறையக் கடிதம் வருகிறது. நியாயமான கேள்வி. கட்டடத்துக்கே பொதுவாக ஒரு மூலை, ஒரு மேஜை, ஒரு வைஸ், ஒரு விளக்கு கேளுங்கள். உடற்பயிற்சிக் கூடம் கட்டித் தருகிறார்களே, அதில் பாதி இடம் போதும்.

அத்தான் போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். புதுக் கார், முன்சக்கரத்தில் ஏதோ கிறீச்சென்று சத்தம். சலவை வேஷ்டியோடு கொட்டகை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். என் பெண் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் உள்ளே வரலாமா?" என்று கேட்டபடி செருப்பைக் கழற்றப் போனார்.

"கழற்றாதீர்கள், அத்தான், கீழே ஆணி கிடக்கும்" என்றேன்.